சுமையில்லாத மிதி

தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் கிணறுகளுக்குக் குறைவில்லை. தண்ணீரும் இருக்கிறது. அதை வாயில் வைக்கத்தான் ஏலாது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்தால் குடிப்பார்கள், வராவிட்டால் அயலில் கடன் வாங்கிக் குடிப்பார்கள். ஆகவே சுவிஸிலிருந்து வந்த நிமலன், உவர்த்தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெசின் ஒன்றை ஊரில் பூட்டப்போகிறான் என்ற கதை பரவியபோது சனம் சந்தோசப்பட்டது. அந்த மெசின் கறண்டில் ஓடாது, மனிசரின் காலில்தான் ஓடும் என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் சிரித்தது. நிமலன் கோபிக்கவில்லை. பத்து உடற்பயிற்சிச் சைக்கிள்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. சிரிப்பு நின்றுவிட்டது.

கஜாலினியைத் தேடி அவன் வந்தது அந்தக் கிழமையில்தான். கஜாலினிக்கு முப்பத்தாறு வயது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். நிமலன் அவளுடைய தமையனோடு ஒன்றாகப் படித்தவன் என்பதால் சிறுவயதிலிருந்தே அவளுக்கு நிமலன் அண்ணை.

"பிள்ளை, நீர்தான் இதுக்குச் சரியான ஆள்," என்றான். "ஒரு மனிசர் அரை மணித்தியாலம் மிதிச்சால் எவ்வளவு சக்தி வரும், எவ்வளவு தண்ணி வரும். ஒரு பலகையில எழுதி வைக்கவேணும். கணக்கைச் செய்து தாரும். உம்மட பேரையும் போடுவம்."

அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. வகுப்பில் வலு, வேலை, நேரம் என்று தொண்டை வறளக் கத்தியும் பிள்ளைகள் கொட்டாவி விடும் பாடம் அது. இங்கே அதே பாடம் தண்ணீராகக் குழாயில் வரப்போகிறது. அன்று பின்னேரமே உட்கார்ந்து எழுதினாள். பழக்கமில்லாத ஒரு சாதாரண ஆளால் தொடர்ந்து எழுபத்தைந்து வாற்று வலுவோடு மிதிக்க முடியும். அரை மணித்தியாலத்தில் ஆயிரத்து எண்ணூறு செக்கன். இரண்டையும் பெருக்கினால் ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம் யூல் சக்தி. பத்துச் சைக்கிள், நாலு சுற்று, நாற்பது பேர். எல்லாரும் சேர்ந்து ஒன்றரை யூனிற் கறண்ட். சங்கிலியிலும் டைனமோவிலும் பற்றரியிலும் அரைவாசி சூடாகிப் போய்விடும். மிச்சத்தில் வரக்கூடிய தண்ணீர், நாளுக்கு முந்நூறு லீற்றர்.

முந்நூறு என்பதைப் பார்த்தபோது அவளுக்கே கொஞ்சம் சப்பென்று இருந்தது. ஆனாலும் உண்மை அதுதான். எழுதிக் கொடுத்தாள்.

திறப்புவிழா அன்று சனசமூக நிலையத்துக்குப் பின்னால் புதுக் கொட்டகை பளபளத்தது. பத்துச் சைக்கிளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைபிடியிலும் எண் காட்டும் சின்னத் திரை. சுவரில் 'வியர்வை நீர்த் திட்டம்' என்ற பலகை. கணக்கு அவளுடையதுதான், வரிக்கு வரி. கடைசி வரியில் மட்டும் முந்நூறுக்குப் பதிலாக ஆயிரத்து அறுநூறு லீற்றர் என்று இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய பெயரும் பட்டமும்.

அவள் நிமலனை ஒரு ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணை, கடைசி வரி பிழை."

"பிழையில்லை. மிச்சத்துக்குச் சோலர் போடப்போறம். கப்பலில வந்துகொண்டிருக்கு."

கூரையில் ஒன்றும் இல்லை. வந்த பிறகு பலகையை மாற்றலாமே என்று சொல்ல வாய் உன்னியது. அதற்குள் யாரோ அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சனம் கைதட்டியது. அவள் சனத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பிறகு வேலை, பாடசாலை. காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்குக் கொட்டகையைப் பார்க்க நேரமில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் மிதித்தால்தான் இரண்டு பிளாஸ்ரிக் கான் தண்ணீர். ரீச்சருக்கு மரியாதை என்று சொல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு கான் வீட்டுப் படியில் வந்திருந்தது. கொண்டுவந்து வைப்பவன் ரஜீபன். நாற்பது வயதுக்காரன். கொட்டகைப் பூட்டின் திறப்பும் குழாய்ப் பூட்டின் திறப்பும் அவனிடம். நிமலனின் வீடியோக்களை எடுப்பவனும் அவன்தான்.

அந்த வீடியோக்களை அவள் போனில் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் சைக்கிளில் இருந்து மிதிப்பார்கள். கமரா மெல்ல மெல்ல முகத்துக்குக் கிட்டப் போகும். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. பின்னணியில் சோகமான வயலின். கீழே ரொறொன்ரோவிலிருந்தும் பேர்ணிலிருந்தும் அழுகிற முகங்களும் இருதயங்களும் வந்து விழும். 'எங்கட அம்மாமார்' என்று ஒருவர் எழுதுவார். அவளுக்கு என்னவோ செய்யும். ஆனால் தண்ணீர் வருகிறதே என்று போனை மூடிவைப்பாள்.

ஓகஸ்ட் விடுமுறை வந்தது. ஒருநாள் காலை ஆறேகாலுக்கு அவள் சும்மா நடந்து கொட்டகைப் பக்கம் போனாள்.

முதலில் அவள் கண்டது இரஞ்சிதத்தை. நாலு வீடு தள்ளி இருப்பவள். ஐம்பத்தெட்டு வயது, சீனி வியாதி, மெலிந்த தேகம். பனையோலைப் பெட்டி இழைத்து விற்கிறாள். புருசன் குலசிங்கத்துக்குக் கிட்னி பழுது. கிணற்றுத் தண்ணீரை வாயிலும் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் சேலையை முழங்கால்வரை ஒதுக்கிச் சொருகிக்கொண்டு மூன்றாவது சைக்கிளில் இருந்து மிதித்துக்கொண்டிருந்தாள். கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

ரஜீபன் ஒரு கையில் போனோடும் மற்றக் கையில் தலைமயிருக்கு அடிக்கும் தண்ணீர்ப் போத்தலோடும் வரிசையில் வந்தான். ஒவ்வொரு முகத்துக்கும் நேரே பிடித்து 'புஸ், புஸ்' என்று அடித்தான். சனம் கண்ணை மூடிக் கொடுத்தது. பழகிவிட்டது என்று தெரிந்தது. இரஞ்சிதத்தின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தபோது அவள் முந்தானையை எடுத்தாள்.

"துடைக்காதேங்கோ அம்மா," என்றான் ரஜீபன். "வடிஞ்சபடி இருக்கட்டும். கொஞ்சம் களைச்ச மாதிரி மூச்சு விடுங்கோ."

கஜாலினிக்குக் கறிச்சட்டியில் புழுவைக் கண்ட மாதிரி இருந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் இரஞ்சிதத்தின் கை கைபிடியிலிருந்து வழுக்கியது. தலை ஒரு பக்கம் சரிந்தது. அப்படியே சைக்கிளோடு சாய்ந்து பக்கத்துச் சைக்கிளில் இருந்த கேதீஸ்வரியின் தோளில் விழுந்தாள். கேதீஸ்வரி கத்தினாள். நாலு பேர் சேர்ந்து தூக்கி நிலத்தில் கிடத்தினார்கள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

"விடிய ஏதும் சாப்பிட்டவாவோ?" என்று கஜாலினி கேட்டாள்.

"குளிசை போட்டிட்டு வெறும் வயித்தோட வந்தவா," என்றாள் கேதீஸ்வரி. "ஆறு மணிக்கு வராட்டில் சுற்றுப் பிந்திப்போகும் எல்லோ."

யாரோ சீனி கொண்டுவந்தார்கள். கரைத்துப் பருக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இரஞ்சிதம் கண் விழித்தாள். விழித்ததும் கேட்டது ஒன்றுதான்: "என்ர கான்?"

கஜாலினி இரண்டு கானையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ரஜீபன் திரையைக் காட்டினான். "ரீச்சர், இன்னும் பதினொரு நிமிசம் கிடக்கு. நேரம் முடியாமல் குழாய் திறக்கேலாது. நிமலன் அண்ணை கண்டிப்பாச் சொன்னவர்."

"மனிசி மயங்கி விழுந்து கிடக்கிறா."

"தெரியும் ரீச்சர். ஆருக்கெண்டு நான் விடுறது? ஆரும் மிச்சத்தை மிதிச்சுக் குடுக்கலாம். அதுக்குத் தடையில்லை."

அவள் கான்களை நிலத்தில் வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது சைக்கிளில் ஏறினாள்.

கால் வைத்த முதல் சுற்றிலேயே ஏதோ பிசகு என்று உடம்பு சொன்னது. பெடல் காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றியது. திரையில் நூற்றெண்பது வாற்று என்று இருந்தது. நூற்றெண்பது வாற்று வலு அவளுடைய காலிலிருந்து போனால் ஐந்து நிமிடத்தில் நாக்குத் தள்ளும். அவளுக்கு மூச்சுக்கூட மாறவில்லை. வேகமாக மிதித்தாள். எண் இருநூற்றுப்பத்து. பாரம் கூடவில்லை. காலை எடுத்துவிட்டாள். சில்லு நிற்கவேயில்லை, தன்பாட்டில் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வகுப்பில் அவளே கையால் சுற்றும் டைனமோ ஒன்றை வைத்துக் காட்டுகிற பாடம். பல்ப்பைப் பூட்டிச் சுற்றினால் கை நோகும். பல்ப்பைக் கழற்றிச் சுற்றினால் சும்மா சுற்றும். எடுக்கிறவர் இல்லாவிட்டால் கொடுக்கிறவருக்குச் சுமையில்லை. இந்தச் சைக்கிளிலிருந்து எவரும் எதையும் எடுக்கவில்லை.

பதினொரு நிமிடத்தையும் மிதித்து முடித்தாள். ரஜீபன் குழாயைத் திறந்தான். கான்கள் நிரம்பின. அவற்றை ஒரு ஓட்டோவில் இரஞ்சிதத்தோடு ஏற்றி அனுப்பிவிட்டு அவள் கொட்டகையின் பின்பக்கம் போனாள். பத்துச் சைக்கிளின் வயர்களும் ஒரு சாம்பல்நிறப் பெட்டிக்குள் போயின. பெட்டியிலிருந்து வெளியே ஒரு நூல்கூட வரவில்லை. மெசினுக்குப் போகும் தடித்த வயர் மண்ணுக்குள்ளால் வந்தது. அது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க அவள் நெடுந்தூரம் நடக்கவேண்டியிருக்கவில்லை. சனசமூக நிலையத்தின் மீற்றர் பெட்டிதான்.

நிமலன் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, சைக்கிள் ஒண்டிலயும் சுமை இல்லை," என்றாள். "மெசின் லைன் கறண்டில ஓடுது."

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் திடுக்கிட வைத்தது. கோப்பையை மெல்ல வைத்தான்.

"முதல் உண்மையாத்தான் செய்தனாங்கள் பிள்ளை. பாரத்தைப் பூட்டிப் பாத்தம். அஞ்சு நிமிசத்தில எல்லாரும் இறங்கிட்டினம். ஒரு வாளிகூட நிரம்பேல்லை. உம்மட முந்நூறுகூட வராது."

"அப்ப நேர கறண்டில ஓடவிட்டிருக்கலாமே. சனம் வந்து தண்ணியை அள்ளிக்கொண்டு போயிருக்குமே."

"கறண்டில ஓடுற மெசினை ஆர் பாக்கிறான்? எத்தினை ஊரில எத்தினை மெசின் கிடக்கு. ஒருத்தனும் திரும்பிப் பாக்கான். ஒரு அம்மா வேர்த்து வடிய மிதிச்சால்தான் அங்க இருக்கிறவன்ர மனம் உருகும். உருகினால்தான் அடுத்த ஊருக்கும் மெசின்."

"வேர்வையும் போத்தலால அடிக்கிறியள்."

அவன் சிரித்தான். "அது ரஜீபன்ர வேலை. சரி, என்ன நட்டம்? தண்ணி உண்மைதானே? காலமை அரை மணித்தியாலம் காலை ஆட்டினால் சுகருக்கும் நல்லது. நான் அங்க காசு குடுத்து ஜிம்முக்குப் போறனான். இவைக்கு இனாம்."

"இரஞ்சிதமக்கா இண்டைக்கு மயங்கி விழுந்தவா."

"கேள்விப்பட்டனான். பாவம். ரஜீபன் அதையும் வீடியோ எடுத்தவன், போடவேண்டாமெண்டு நான்தான் சொல்லிப்போட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பலகையில உம்மட பேர்தான் கிடக்கு. உம்மட கணக்கு, உம்மட பட்டம். இது வெளியில வந்தால் ஆரைக் கேப்பினம்? யோசியும். உமக்கும் ரண்டு கான் வருதுதானே, மிதியாமலே."

அவள் எழுந்து வந்துவிட்டாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு அருவருத்தது. வீட்டுக் குசினியில் அந்த இரண்டு கானும் நின்றன. மூடி திறந்திருந்த கானிலிருந்து ஒரு ரம்ளரில் வார்த்து வாய்க்குக் கொண்டுபோனாள். விழுங்க முடியவில்லை. துப்பவும் மனம் வரவில்லை. இந்தத் தீவில் நல்ல தண்ணீரைத் துப்ப வாய் வராது. கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு பின்வளவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

இரண்டு கானையும் இரஞ்சிதத்தின் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அன்றும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வீட்டில் அடைந்து கிடந்தாள். சொன்னால் தண்ணீர் நின்றுபோகும். குலசிங்கம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டிவரும். சொல்லாவிட்டால் நாற்பது பெண்கள் ஒவ்வொரு விடியலிலும் ஒன்றுக்கும் ஆகாத சில்லைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் அடிக்கும் தண்ணீரை வாங்கிக்கொண்டு இருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நிமலன் நேரலை வைத்திருந்தான். அன்று அவனும் வெள்ளை ரீசேட்டோடு வந்து, பெண்களுக்கு முன்னால் நின்று கமராவுக்குக் கதைத்தான். "உறவுகளே, பாருங்கோ, இந்தத் தாய்மாரின்ர வேர்வைதான் இண்டைக்குத் தண்ணியா வருது." பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் பெரிய தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இரஞ்சிதம் மூன்றாவது சைக்கிளில் இருந்தாள். மயங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

கஜாலினி நேரே உள்ளே போனாள். நிமலனுக்கும் பெண்களுக்கும் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் காலை எடுங்கோ," என்றாள்.

பெண்கள் விழித்தார்கள்.

"பயப்பிடாமல் எடுங்கோ. ஒரு நிமிசம் மிதியாமல் இருங்கோ. அவ்வளவுதான்."

முதலில் காலை எடுத்தது இரஞ்சிதம். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். சில்லுகள் கொஞ்ச நேரம் சுற்றி, மெதுவாகி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திரைகள் எல்லாம் பூச்சியம் காட்டின. கொட்டகைக்குள் அதுவரை சில்லுச் சத்தத்துக்குள் மறைந்திருந்த மெசினின் இரைச்சல் இப்போது தனியாகக் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நூல்கூட மெலியவில்லை.

பத்துப் பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். சுற்றுக்காக வெளியில் காத்து நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்கள் என்னத்துக்குச் சுத்தினனாங்கள்?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

நிமலன் ரஜீபனின் கையிலிருந்த போனைப் பறித்து மூடினான். "நிப்பாட்டடா," என்றான். ரஜீபன் ஓடிப்போய் மெயின் சுவிட்ச்சை இறக்கினான். இரைச்சல் அடங்கியது. தண்ணீர் சொட்டாகி நின்றது. அந்த ஒரு செயலிலேயே மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

கஜாலினி சுவரடிக்குப் போய்ப் பலகையைத் திருகாணியோடு இழுத்துக் கழற்றினாள். "இதில கிடக்கிறது என்ர பேர். பிழையெண்டு தெரிஞ்சும் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். எனக்கு மிதியாமலே தண்ணி வந்தது. அதையும் குடிச்சனான்," என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். யாரும் அவளைத் தேற்ற வரவில்லை. அது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

இரஞ்சிதம் சைக்கிளிலிருந்து இறங்கிச் சொருகியிருந்த சேலையை இறக்கி நேராக்கினாள். நிமலனுக்குக் கிட்டப் போய் நின்றாள். ஏசப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"தம்பி, கெஞ்சச் சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பமே," என்றாள். "அது கெதியா முடிஞ்சிருக்கும். விடிய அரை மணித்தியாலத்தில நான் ஒரு பெட்டி இழைச்சிடுவன்."

நிமலன் இரண்டு நாளில் கொழும்புக்குப் போய்விட்டான். திறப்பு ரஜீபனிடம் இருந்தது, அவனும் ஆளைக் காட்டவில்லை. மறுபடியும் பவுசர் வரும் நாளைப் பார்த்துச் சனம் கான்களோடு ஒழுங்கையில் நின்றது. கஜாலினியைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். கேதீஸ்வரி திருப்பவில்லை, நேரே கேட்டாள்.

"ரீச்சர், பொய்யோ மெய்யோ, தண்ணி வந்தது. இப்ப அதுவும் இல்லை. உங்கட மனம் சுத்தமாப்போச்சு, எங்கட கான் காஞ்சுபோச்சு."

கஜாலினி "ஓம்," என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் இரஞ்சிதம் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கிராம சேவையாளரிடம் போனாள். கஜாலினியையும் வரச்சொன்னாள், மெசினை ஓட்டத் தெரிந்த ஆள் ஒன்று வேண்டும் என்று. காணி சனசமூக நிலையத்தினது, கறண்டும் அதன் பெயரில். அப்படியிருக்கத் திறப்பு மட்டும் ஏன் வேறொருவரிடம் என்பது பெண்களின் கேள்வி. அவர் கொஞ்சம் இழுத்தார். இரஞ்சிதம் அவருடைய மேசைக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பின்னேரம் ரஜீபன் திறப்போடு வந்தான். கஜாலினி சுவிட்ச்சை ஏற்றினாள். கறண்டுச் செலவை வீட்டுக்கு வீடு பகிர்வதென்று அங்கேயே தீர்மானித்தார்கள். சைக்கிள்களை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் கான் வைக்கப் பலகை அடித்தார்கள்.

அந்தச் சைக்கிள்களை ஒரு கிழமையில் லொறி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒருநாள் ஆசிரியர் அறையில் சக ஆசிரியை ஒருத்தி போனை நீட்டினாள். "பாருமன், எவ்வளவு நல்ல வேலை செய்யினம்." நிமலனின் புது வீடியோ. இடம் நெடுந்தீவு. கல்வேலிக்குப் பக்கத்தில் புதுக் கொட்டகை. பத்துப் பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கமரா ஒரு கிழவியின் முகத்துக்குக் கிட்டப் போனது. நெற்றியில் முத்து முத்தாகத் தண்ணீர். கன்னத்தில் வடிந்ததை அவள் துடைக்கக் கையைத் தூக்கி, யாரோ ஏதோ சொன்னதுபோலக் கையைத் திரும்ப இறக்கினாள். கஜாலினி போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவள் நெடுந்தீவுக்குப் படகு எடுக்கக் குறிகாட்டுவான் துறைக்குப் போனபோது படகடியில் இரஞ்சிதம் நின்றாள்.

"நீங்கள் போறியளெண்டு கேதீஸ்வரி சொன்னவள்," என்றாள். "நானும் வாறன். நீங்கள் படிச்சனீங்கள், கணக்குச் சொல்லுவியள். சனத்துக்கு அது விளங்காது. மிதிச்சவள் சொன்னால் கேப்பினம்."

"கடல் இண்டைக்கு அடிக்குது அக்கா. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது."

"சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."

ஏறினார்கள். டீசல் புகையும் கருவாட்டு மணமும் படகுக்குள் அடைத்து நின்றன. துறையைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. பாதி வழியில் இரஞ்சிதம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்தாள். கஜாலினி அவளுடைய முதுகைத் தடவினாள்.

இரஞ்சிதம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம்."

"சரி," என்றாள் இரஞ்சிதம். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெடுந்தீவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.